விண்ணிடைச் சென்ற வாழ்த்தும் விண்மீன் கண்ட விழியும்



மனிதன் செய்து அனுப்பியவற்றுள் மண்ணைவிட்டு மிகத் தொலைவு சென்றது வாயேஜர் 1 என்னும் விண்கலம். 1977 செப்டம்பர் 5ஆம் நாள் புறப்பட்ட அது, இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருக்கிறது. அதன் விலாவில் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. 16 நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்ட வாயேஜர் 2இலும் அவ்வாறே. என்றேனும் எவரேனும் எடுத்துக் கேட்கக்கூடும் என்னும் நம்பிக்கையில் 55 மொழிகளின் வாழ்த்துரைகள் அத்தட்டில் பதிவாகியுள்ளன. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. பேசுவோர் அற்றுப்போன சுமேரியமும் அக்காடியமும்கூட உண்டு. தமிழ் இல்லை.

கேட்கும் தமிழ்க் கவிஞர் எவர்க்கும் நெஞ்சு சுடும். சுடுவது இயல்பே. எனினும் அக்குரல்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், மிகக் குறுகிய காலத்துள், அக்கம்பக்கத்தில் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டவை. அங்கே மொழிகளுக்குத் தகுதித் தேர்வு எதுவும் நடைபெறவில்லை.

அதே 1977இல், மார்ச் 10ஆம் நாள் இரவு ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் நிகழ்ந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யுரேனஸ் கோள் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்த இரவு அது. 1 மீட்டர் தொலைநோக்கியால் நோக்கியிருந்தோர், கோள் மறைக்காத வேளையிலும் விண்மீனின் ஒளி சற்றே குன்றி மீண்டதைப் பதிவு செய்தனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மீது பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்தும் அத்தகைய மங்கல்கள் பல பதிவாயின. ஒளியை மறைத்தவை யுரேனஸைச் சூழ்ந்த மெல்லிய வளையங்கள் எனத் தெளிவாயிற்று. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அக்கோளை அணுகி அவ்வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது. தமிழ் வாழ்த்து ஏறாத கலம், தமிழ்நாட்டு மலையொன்றில் கண்ட சிமிட்டலின் பொருளை நேரில் சென்று பார்த்துச் சொல்லிற்று!

வானை இவ்வாறு ஊன்றிப் பார்ப்பது தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு பங்குனி நள்ளிரவை விரித்துரைக்கிறார். உச்சியிலிருந்து சாயும் மீன் எது, அதற்கெதிரே எழுவது எது, அமிழ்வது எது என வரிசைப்படுத்திய பின்னரே எரிந்து விழும் ஒரு மீனைக் காட்டுகிறார். அது கிழக்கேயும் செல்லவில்லை, வடக்கேயும் செல்லவில்லை என்று திசையையும் குறிக்கிறார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று நடுங்கிய நெஞ்சம் அது. நடுக்கத்தினிடையிலும் கண் பிழை செய்யவில்லை. ஏழாம் நாள் மன்னன் மாண்டான். எரிமீனுக்கும் மன்னன் சாவுக்கும் தொடர்பில்லை என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் பாடல் வாழ்கிறது. அதனை வாழ்விப்பது அந்த நம்பிக்கை அன்று; அந்தக் கண்.

இன்றைய கவிதைகளிலும் நிலவுக்கும் விண்மீனுக்கும் குறைவில்லை. காதலியின் முகத்துக்கு ஒரு நிலவு, கனவுக்கு ஒரு நட்சத்திரம் என்று எடுத்து வைக்கப்படுகின்றன. எந்த மீன், எந்தத் திங்களில், எத்திசையில் என்று கேட்டால் விடையில்லை. மாலையில் கிழக்கே பிறை முளைப்பதாக எழுதும் கவிதைகள்கூட அச்சேறுகின்றன. பத்தாண்டுகளாகக் கவிதை படித்துவரும் இவ்வட்டத்தில் இதைச் சொல்வதில் தவறில்லை. நகரத்து விளக்கொளி வானை மறைத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணமே.

2023 நவம்பரில் வாயேஜர் 1இன் பேச்சு குழறிற்று. நினைவகத்தின் ஒரு சில்லு பழுதாகியிருந்தது. பொறியாளர்கள் மாற்று வழி கண்டு 2024 ஏப்ரல் 18ஆம் நாள் கட்டளை அனுப்பினர். அது சென்றடைய இருபத்திரண்டரை மணி நேரம். மறுமொழி திரும்பவும் அவ்வளவு. 20ஆம் நாள் பொருள் விளங்கும் மறுமொழி வந்தது.

ஆனித் தொடக்கத்தில், நிலவில்லா நள்ளிரவொன்றில் காவலூரில் நின்று நோக்கினால், தென்புறத்தில் கேட்டை செந்நிறமாய் ஒளிரும். அங்கிருந்து பார்வையை வடக்கே உயர்த்திக்கொண்டு வந்தால், ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும் இடத்தில்தான் வாயேஜர் 1 இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாது.