கரண்டியில் நிற்கும் கூழ்

வானொலியில் சோப்புக்கு விளம்பரம் வரும், சேலைக்கு வரும். கைக்குழந்தைகளுக்கான டின் உணவுக்கு மட்டும் வராது. 2 வயது வரையிலான குழந்தைகளின் உணவை விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது இந்தியச் சட்டம். 1992-இல் வந்த அந்தச் சட்டம் 2003-இல் இன்னும் இறுக்கமானது. வீட்டிலேயே நல்ல உணவு செய்ய முடியும்போது விளம்பரம் எதற்கு? அதைச் செய்யும் பக்குவத்தைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு கஞ்சியும் கூழும் வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல். தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்று பயந்து, கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டுகிறோம். ஏழெட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 முதல் 240 மில்லிதான் கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொண்டால் பிள்ளையின் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

சரி, மாவைக் கூட்டிப் போடலாமா? களியாக இறுகிவிடும், குழந்தையால் விழுங்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்ப்பது முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைவிடும்போது, இளமுளைக்கு இரை தேடித் தன் மாவுச்சத்தைத் தானே உடைக்கிறது. அதற்காக அமைலேஸ் என்ற நொதி அதில் சுரக்கிறது. அதனால் முளைகட்டிய மாவு அவ்வளவாக இறுகாது. அதே தண்ணீரில் கூடுதல் மாவு போட்டாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். கேழ்வரகின் இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டும்போது குறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது இன்னொரு லாபம்.

கேழ்வரகைக் கல் மண் போக அரித்து, இரவு முழுதும் ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் ஓரிரு நாளில் முளை எட்டிப்பார்க்கும். வெயிலில் மொறமொறப்பாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் லேசாக வாசம் வரும்வரை வறுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், பட்ட பாடு வீண். பிறகு அரைத்துச் சலித்து வையுங்கள். மில்லுக்குக் கொண்டுபோனால், சற்றுமுன் மிளகாய் அரைத்த மெஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சும்போது மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் வையுங்கள். சூடு மெல்ல ஏறும்போதுதான் நொதி வேலை செய்யும். கடைசியில் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஈரத்தில் முளைத்த தானியத்தில் கிருமியும் வளர்ந்திருக்கலாம், அதனால் இதில் அவசரம் கூடாது. கரண்டியில் எடுத்தால் கூழ் நிற்க வேண்டும், சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். அதுதான் பதம்.

இறக்கியதும் ஒரு சின்னக் கரண்டி நெய் விடுங்கள். வேகவைத்து மசித்த பருப்பு, காய், கீரை, நன்றாக வெந்த முட்டை என ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் பொறுத்து அடுத்தது. பத்துப் பதினைந்து தானியம் கலந்த சத்துமாவில் ஆரம்பித்தால், ஒவ்வாமை வரும்போது எதனால் வந்தது என்று தெரியாது. முதல் ஆண்டில் உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கலாம்.

6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் 2 வயது வரையும் அதன்பிறகும் தொடரட்டும். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். ஊட்டுவது போதுமா என்பதை, கிண்ணத்தில் மிச்சமிருப்பதைவிட அந்த எடை அட்டை சரியாகச் சொல்லும்.