பொது இல்லம்



இங்கிலாந்தில் ஊர்கள் பலவற்றில் உள்ள மதுச்சாலையைப் ‘பப்’ என்பர். ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொது இல்லம், என்பதன் குறுக்கம் அது. மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. இல்லம் என்னும் அச்சொல்லையே எண்ணிப் பார்க்கிறோம்.

பீகார் மாநிலத்து மோதிஹாரியில் 1903-இல் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், நல்ல பப் எது என்று 1946-இல் ஒரு கட்டுரை வரைந்தார். பானத்தின் சுவையை அவர் முதலில் வைக்கவில்லை. உரையாட இடந்தரும் அமைதி, வருவோரைப் பெயரால் அறிந்த பணியாளர், குழந்தைகள் ஆடத் தோட்டம் ஆகியவற்றையே சிறப்பித்தார். தோட்டம் இருப்பின் தாய் மட்டும் வீட்டில் தங்க வேண்டா; குடும்பமே ஒன்றாய் வரலாம் என்பது அவர் கருத்து. அவர் வருணித்த பப்போ கற்பனையே!

எனினும், கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூரார், தம் ‘ஓல்டு கிரவுன்’ பப்பைக் கைநழுவ விடாது, 2003-இல் கூட்டுறவு அமைத்துத் தாமே வாங்கினர்.

நம் சங்கமும் பொது இல்லமே. இங்கே மது இல்லை, காப்பி உண்டு. ஆனால், காலனிக்குப் புதிதாய்க் குடிவந்த குடும்பத்தைப் பெயர் சொல்லி வரவேற்க இங்கு யார் உளர்? ஆண்டுக்கொரு விழாவால் மண்டபம் இல்லம் ஆகிவிடாது. மாலைதோறும் இதன் கதவு திறந்திருக்கட்டும்; திறப்பவர் நாமாக இருப்போம்.