பெர்ரியில் ஒரு நாள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். 1985-இல் திறந்த பாலத்தின் வழியே அன்று; பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுங்கள். 2021 முதல் அதில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. அதுவும் நல்லதே, கடலைப் பார்க்கலாம். பயணம் ஏறத்தாழக் கால் மணி நேரந்தான்.

பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறிய நம் முன்னோர் பலர் முதலில் கண்ட மலாயாக் கரை இதுவே. பலர் ஜெரெஜாக் தீவில் தனித்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிறுமியாய்க் கப்பலில் வந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்தார்கள், யார் எதிர்கொண்டு அழைத்தார் என்பதைப் பிள்ளைகள் பெர்ரியிலேயே கேட்கட்டும். கடைத்தெரு எங்கும் ஓடிவிடாது.

திரும்பும் கடைசிப் பெர்ரியின் நேரத்தை முன்னரே விசாரித்து வையுங்கள். மறுநாள் விடியலில் பால்வெட்டு இருக்கிறதல்லவா?