பின்வளவு மண்ணுக்கு ஒரு வைத்தியம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாக விடுதிச் சமையலறைக்குப் பின்னாலுள்ள வளவில் மூலிகைத் தோட்டம் அமைக்கத் தீர்மானித்திருப்பதாகச் செயலாளர் எழுதியிருந்தார். வல்லாரை, பொன்னாங்காணி, தூதுவளை என்று பட்டியலும் வந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு அங்கிருந்தே வல்லாரைச் சம்பல் கிடைக்கும் என்று வாசித்தபோது எனக்கும் நாவூறியது. பிறகுதான் அது எந்த இடம் என்று நினைவுக்கு வந்தது. எங்கள் காலத்து ஜெனரேற்றர் கொட்டிலடி!

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் எங்கள் இரவுப் படிப்புக்காக ஓடிய இயந்திரம் அது. அதிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயைப் பக்கத்து மண்ணில்தான் ஊற்றினார்கள். செத்த பற்றறிகள் சுவரோரம் உடைந்து கிடந்தன. குப்பை எரித்ததும் அங்கேதான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நானும் பல்கலைக்கழகம் போனேன். ஆனால் அந்த இடத்து வல்லாரையை நான் சாப்பிட மாட்டேன்; பிள்ளைகளுக்கும் கொடுக்க விடமாட்டேன்.

மாசடைந்த நகர நிலங்களைத் தாவரங்களாலும் நுண்ணுயிர்களாலும் மீட்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அந்தக் கொட்டிலடியை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரில், ஏரிக்கரையில் ஓர் எரிவாயுத் தொழிற்சாலை இருந்தது. 1906 முதல் 1956 வரை, முதலில் நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் வாயு தயாரித்தார்கள். மூடியபோது மிஞ்சியது தாரும் எண்ணெயும் ஊறிய மண். நகரசபை அந்த நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கும் பொறுப்பை ரிச்சர்ட் ஹாக் என்ற நிலத்தோற்றக் கலைஞரிடம் கொடுத்தது. அவர் பழைய கோபுரங்களை இடிக்க விடவில்லை. மண்ணையும் முழுவதுமாக அள்ளி வேறோர் ஊரில் கொட்டச் சொல்லவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் சேற்றையும் மரத்தூளையும் கலந்து, திரும்பத் திரும்ப உழச் செய்தார்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதை உயர்தர உயிரியல் மாணவிகள் கவனிக்க வேண்டும். எண்ணெயைத் தின்னும் பற்றீரியாக்களை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. அநேகமாக எல்லா மண்ணிலும் கொஞ்சமாவது இருக்கும். எண்ணெய் என்பது பெரும்பாலும் காபனும் ஐதரசனும். அது மட்டும் அவற்றுக்குப் போதாது. கறியில்லாமல் வெறும் சோறு வைத்ததுபோல! நைதரசனும் பொசுபரசும் ஈரமும் காற்றும் வேண்டும். சேறு பசளை தந்தது, உழவு காற்றைத் தந்தது. மேலே புல் வளர்ந்தால் அதன் வேரிலிருந்து கசியும் வெல்லங்கள் நுண்ணுயிர்களைப் பெருக்கும். எங்கள் வெப்பத்தில், ஈரம் மட்டும் இருந்தால், அவை குளிர்நாட்டைவிட விரைவாக வேலை செய்யும்.

1975இல் பூங்கா திறந்தது. உலகம் முழுவதும் அதை உதாரணம் காட்டினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் பட்டம் விடும் அந்தப் புல்மேடு, இடித்த கட்டடச் சிதைவுகளின் மேல் மண் போட்டு எழுப்பியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1984இல் மண்ணில் நச்சுப் பொருட்கள் இன்னும் இருப்பதாகப் பரிசோதனைகள் காட்ட, பூங்காவைச் சில மாதங்கள் மூடினார்கள். மேலும் மண்ணிட்டு மூடினார்கள். பிறகு நிலத்தடியில் இருந்த பென்சீனை அகற்றக் காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. ஏரியில் இறங்க வேண்டாம் என்று இன்றும் பலகை நிற்கிறது. ஹாக்கின் முறை பொய்யல்ல. மெல்லிய எண்ணெய்களை நுண்ணுயிர்கள் விரைவாகத் தின்னும். தாரிலுள்ள கனமான சேர்வைகளுக்குப் பல்லாண்டு எடுக்கும். உழவு எட்டாத ஆழத்துக்கு அவற்றின் வேலையும் எட்டாது. பச்சைப் புல்லைப் பார்த்து மண் சுத்தம் என்று நம்பியதுதான் பிழை.

இனி உடைந்த பற்றறிகளுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். ஈயம் ஒரு மூலகம். அதை எந்தப் பற்றீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. இடம் மாற்றலாம், அல்லது இருந்த இடத்திலேயே கட்டிவைக்கலாம். சில தாவரங்கள் சில உலோகங்களை உறிஞ்சுவதில் மகா கெட்டித்தனம் உடையவை. புளோரிடாவில், வெட்டுமரங்களுக்கு மருந்தூட்டிய ஓரிடத்தில் வளர்ந்த ஒரு பன்னம், ஆசனிக்கைத் தன் இலைகளில் ஏராளமாகச் சேர்ப்பதை 2001இல் லீனா மா என்ற விஞ்ஞானியின் குழு அறிவித்தது. ஆசியாவில் பழைய சுவர் வெடிப்புகளில்கூட முளைக்கும் சாதாரணப் பன்னந்தான் அது. ஆனால் வெட்டிய இலை நச்சுக் கழிவு. அதை மாட்டுக்குப் போடவோ குப்பையோடு எரிக்கவோ முடியாது. ஈயத்துக்கு அப்படியொரு வசதியான செடி இல்லை; அது மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் நல்ல மண்ணால் மூடி, அடர்த்தியாகப் புல் வளர்த்து, தூசி பறக்காமலும் மழையில் கரைந்தோடாமலும் பார்ப்பதே நடைமுறை. வெட்டிவேர் இதற்கு நல்லது. அதன் வேர் ஆழமாகப் போகும். உறிஞ்சும் உலோகத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கும்.

கீரைவகைகள் இதற்கு நேர்மாறு. நாம் தின்பது இலையை. நிலத்தோடு படரும் வல்லாரையில் மண் ஒட்டாமல் கழுவி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சமைக்கும் எவருக்கும் தெரியும்.

இன்னொன்று, கிணறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மெல்லிய மண், அதன்கீழ் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், அதற்குள் தண்ணீர். மேலே ஊற்றுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடும், அது உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் நட்டஈட்டுக்குத் தீர்ப்பானதும் உங்களுக்குத் தெரியும். கொட்டிலடியிலிருந்து விடுதிக் கிணறு எத்தனை அடி என்று நேற்று மாலை நடந்து பார்த்தேன். நாற்பத்தைந்து காலடி.

ஆகவே எனது வேண்டுகோள். மூலிகைப் பாத்திகளை விளையாட்டுத் திடல் பக்கம், வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணில் அமையுங்கள். கொட்டிலடியில் முதலில் பல இடங்களில் மண்ணையும், கிணற்று நீரையும் எடுத்துப் பரிசோதிப்போம். எண்ணெய் மட்டுமென்றால் கூட்டெரு கலந்து, கொத்திப் புரட்டி, புல் போட்டு, வருடாவருடம் அளப்போம். ஈயமும் இருந்தால் கொத்தவே கூடாது; மூடி, வெட்டிவேரும் பூமரங்களும் வைப்போம். எதுவும் பெரிதாக இல்லையென்று அறிக்கை வந்தால் என்னைத் தாராளமாகக் கேலி செய்யலாம், முதல் வல்லாரைச் சம்பலையும் நானே அரைக்கிறேன்.

வெளிநாட்டுக் கிளைகள் பெயர்ப்பலகை பதித்த சீமெந்து வாங்குகளுக்குப் பணம் சேர்ப்பதாக அறிகிறேன். வாங்குகள் போதுமான அளவு இருக்கின்றன. அந்தப் பணத்தைப் பத்து வருடப் பரிசோதனைச் செலவுக்கு ஒதுக்குங்கள். பலகையில் பெயர் வராது. அறிக்கைகள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும், கேட்பவர் எவருக்கும் காட்டப்பட வேண்டும்.

முதல் மாதிரி எடுப்பதற்கு அதிபர் வரும் சனிக்கிழமை காலை ஒதுக்கித் தந்திருக்கிறார். உயர்தர மாணவிகள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூடிய சப்பாத்தும் கையுறையும் அணிந்து வாருங்கள், பிள்ளைகளே. சமையலறை அம்மாமாரிடம் தேநீருக்குச் சொல்லியிருக்கிறேன். கை கழுவிய பிறகுதான் தருவார்கள்.