இருளையும் வரைந்தவர்: தூவே யான்சன்

சிறுவர் இலக்கியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. பிள்ளைகளுக்கான கதையில் அச்சத்துக்கும் இழப்புக்கும் இடமுண்டா? இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பின்லாந்து எழுத்தாளர் தூவே யான்சனின் வாழ்க்கையே இதற்கு விடை என்பேன்.

1914இல் ஹெல்சிங்கி நகரில், சுவீடிஷ் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை சிற்பி, தாயார் சித்திரக் கலைஞர். எழுத்தாளராகப் பெரும் புகழ் பெற்ற பின்னரும் தம்மை முதலில் ஓவியராகவே அவர் கருதினார். 1938இல் 'கார்ம்' என்ற அங்கதச் சஞ்சிகையில், கேக் கேட்டு அழும் குழந்தையாக ஹிட்லரை வரைந்த துணிச்சல்காரர்.

1939இன் இறுதியில் சோவியத் படைகள் பின்லாந்தினுள் புகுந்தன. யுத்தத்தின் நடுவே ஓவியம் தீட்டுவது அவருக்கு அர்த்தமற்றதாகத் தோன்றியது. அந்தக் குளிர்காலத்தில்தான் கதை எழுதத் தொடங்கினார். 1945இல் வெளிவந்த முதலாவது மூமின் நூலில், காணாமற்போன தகப்பனைத் தேடித் தாயும் மகனும் காட்டிலும் வெள்ளத்திலும் அலைகிறார்கள். மூமின்கள் நீர்யானைச் சாயல் கொண்ட கற்பனைப் பிராணிகள். ஆனால் அந்த அலைச்சலை, யுத்தம் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நூலுக்குச் சித்திரங்களையும் அவரே வரைந்தார். இருண்ட பெருமரங்களின் கீழே சின்னஞ்சிறு உருவங்கள் நடந்து செல்கின்றன. இருளைத் தீட்டாமல் ஒளியைக் காட்ட முடியாது என்பதை ஓவியர் அறிவார். கதையிலும் அவர் அதையே செய்தார். ஆபத்துகள் வருகின்றன, ஆயினும், தேடி வருவோர் எவருக்கும் மூமின் வீட்டில் இடமுண்டு, உணவும் உண்டு.

புகழுக்கு விலையும் இருந்தது. 1954 முதல் லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகைக்கு அவர் வரைந்த மூமின் சித்திரத்தொடர், ஓவியத்துக்கான நேரத்தை விழுங்கியது. 1959உடன் அதிலிருந்து விலகினார். தம்பி லார்ஸ் தொடரை ஏற்றுக்கொள்ள, அவர் மீண்டும் தூரிகையிடம் திரும்பினார். சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் பதக்கம் 1966இல் அவரை வந்தடைந்தது.

1970இல் வந்த கடைசி மூமின் நாவலில் அந்தக் குடும்பம் வீட்டில் இல்லை. அவர்களைத் தேடி வந்தவர்கள் வெறும் வீட்டில் காத்திருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் அவரது தாயாரும் காலமானார்.

2001இல் தூவே யான்சன் மறைந்தார். பொய் சொல்லாமலே பிள்ளைகளுக்கு ஆறுதல் தரலாம் என்று காட்டிச் சென்றவர் அவர். சிறுவருக்கு எழுதுவோர் அவரிடம் கற்கவேண்டியது இதுவே என நான் நினைக்கிறேன்.