நம் வீட்டு வரியும் நம் பிள்ளைகளின் வேலையும்

(குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் சில பேர் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டு வரி பில்லைக் கையோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். ‘சுக்காய் பிந்து’ என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரி. அதை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று. கட்டவில்லை என்றால் முதலில் நோட்டீஸ், அப்புறம் வாரண்ட், அப்புறம் வீட்டில் இருக்கும் டி.வி.யையும் பிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு போகச் சட்டத்தில் இடம் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் “எனக்கு பில் வருவதில்லையே” என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இந்த வரியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? உங்கள் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரு விழுக்காடு வரி. மாதம் ஆயிரம் வெள்ளி வாடகை வரும் என்று மதிப்பிட்டால் ஆண்டுக்கு 12,000. நான்கு விழுக்காடு என்றால் 480 வெள்ளி. அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோலாலம்பூரில் சம்பாதிக்கிற பெரிய கம்பெனியின் வருமான வரி மாநகர் மன்றத்துக்குப் போவதில்லை. அது கூட்டரசு அரசாங்கத்துக்குப் போகிறது. நீங்கள் கடையில் கட்டும் சேவை வரியும் அங்கேதான் போகிறது. மாநகர் மன்றம் தானாக வசூலிப்பதில் முக்கியமானது கட்டடத்தின் மீது போடும் இந்த வரிதான். அதற்கு மேல் லைசென்ஸ் கட்டணம், கார் நிறுத்தும் கட்டணம், கட்டடம் கட்ட அனுமதி கேட்பவர்கள் கட்டும் பணம், கூட்டரசு மானியம். எல்லாம் சேர்ந்து மாநகர் மன்றத்தின் ஆண்டு பட்ஜெட் 200 கோடி வெள்ளிக்கு மேல்.

ஆக, நகரத்தில் வாடகை ஏறினால் மன்றத்துக்கு வருமானம் ஏறுகிறது. உங்கள் சம்பளம் ஏறியதா, உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது. 2013 கடைசியில் இதை நேரில் பார்த்தோம். 1992க்குப் பிறகு முதல் தடவையாக எல்லா வீடுகளையும் மறுமதிப்பீடு செய்து நோட்டீஸ் அனுப்பினார்கள். பல வீடுகளுக்கு மதிப்பு ஒரு மடங்கு, இரண்டு மடங்கு கூடியிருந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், ஆயிரக்கணக்கில் ஆட்சேப மனு கொடுத்தார்கள். அதன் பிறகுதான் குடியிருப்பு வீடுகளுக்கான வரி விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4க்கும், வணிகக் கட்டடங்களுக்கு 12லிருந்து 10க்கும் இறங்கியது. இறங்கியது தானாக அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, இந்தப் பணம் ஒரு காலத்தில் நமக்கு என்ன செய்தது? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் அப்பா நகராண்மைத் தொழிலாளி. 1972 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் மாநகரமானபோது அவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. லோங்காங் வெட்டும் கூட்டத்தில் ஆரம்பித்து, பிறகு லாரி ஓட்டினார். 1890இல் சுகாதார வாரியம் தொடங்கிய நாளிலிருந்தே இந்த ஊரில் தெருக் கூட்டுவது, சாக்கடை அள்ளுவது, மலக்கூடை தூக்குவது என்றால் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும்தான். அந்த வேலையை நான் புகழ வரவில்லை. கையுறை கிடையாது. மழையில் நனைந்து வந்து குவாட்டர்ஸ் குழாயடியில் அப்பா குளிக்கும்போது அந்த வாடை போகாது. “நீ இந்த வேலைக்கு வரக்கூடாதுடா” என்று சொல்லித்தான் என்னைச் சட்டம் படிக்க வைத்தார்.

ஆனால் அந்த அழுக்கு வேலையில் நான்கு விஷயங்கள் உறுதியாக இருந்தன. நிரந்தர வேலை, குவாட்டர்ஸ், மருத்துவம், ஓய்வூதியம். நாளைக்கு வேலை இருக்குமா என்று அம்மா ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அப்பா இறந்த பிறகும் இன்று வரைக்கும் அம்மாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. நான் வழக்கறிஞர் ஆனதற்கு என் மூளை காரணம் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. அப்பாவின் நிரந்தர வேலைதான் காரணம் என்று அத்தைமார் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது சரிதான்.

அந்த வேலை எங்கே போனது? தெரு அங்கேதான் இருக்கிறது. குப்பை முன்பைவிடப் பத்து மடங்கு. வேலை போகவில்லை, வேலை கொடுப்பவர்தான் மாறிவிட்டார். 1983இல் தனியார்மயக் கொள்கை வந்தது. 1997இல் தலைநகரின் குப்பை அள்ளும் பணி தனியார் கைக்குப் போனது. 2007இல் திடக்கழிவுச் சட்டம் வந்து, 2011 செப்டம்பரில் அமலானது. மேலே ஒரு பெரிய கம்பெனி, அதற்குக் கீழே குத்தகையாளர், அவருக்குக் கீழே துணைக் குத்தகையாளர். அலுவலகத் துப்புரவு, காவல், புல் வெட்டுவது எல்லாமே இந்த வழிக்கு வந்தன. பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் இதே கதைதான்.

எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அக்கா வந்தார். பெயர் வேண்டாம். 2010இல் ஒரு தெருவைக் கூட்ட ஆரம்பித்தார். 2024 வரை பதினான்கு ஆண்டுகள் அதே தெரு. அதற்குள் ஐந்து கம்பெனிகள் மாறிவிட்டன. டெண்டர் முடியும்போதெல்லாம் பழைய கம்பெனி போகும், புதிய கம்பெனி வரும். சட்டையின் நிறம் மாறும். அக்காவை “புதிய ஆள்” என்று பதிவு செய்வார்கள்.

இது சும்மா காகித விவகாரம் அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் விடுமுறை. முதல் இரண்டாண்டில் 8 நாள்தான். மருத்துவ விடுப்பு ஐந்தாண்டுக்குப் பிறகு 22 நாள், தொடக்கத்தில் 14. அக்காவுக்குப் பதினான்கு ஆண்டும் பெரும்பாலும் எட்டு நாள் விடுமுறைதான். ஒவ்வொரு கம்பெனியிலும் அவர் எப்போதும் புதியவர்.

கடைசிக் கம்பெனி டெண்டரை இழந்தது. இரண்டு ஆண்டு ஐந்து மாதச் சேவை. அடுத்து வந்த கம்பெனி, “வயதாகிவிட்டது, வேண்டாம்” என்றது. பழைய கம்பெனியோ, “ஒப்பந்தம் தானாக முடிந்தது, ஒரு காசும் கிடையாது” என்றது. தொழிலாளர் இலாகாவில் வழக்குப் போட்டோம். விசாரணைக்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் சுமார் 1,790 வெள்ளி கிடைத்தது. அதே பதினான்கு ஆண்டையும் ஒரே முதலாளியிடம் உழைத்திருந்தால், ஆண்டுக்கு இருபது நாள் என்று 280 நாள் சம்பளம். அதாவது 13,800 வெள்ளி. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் உள்ள பணம் அக்காவின் பணம். காசோலையை வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, நான் வீட்டு வரி ஒழுங்கா கட்டுறேனே, அந்தக் காசுலதானே எனக்குச் சம்பளம் போட்டாங்க?” எனக்கு வாயடைத்துப் போனது.

சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியில் தொடங்கி 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆனது. இதற்காகப் போராடிய தொழிற்சங்கங்களுக்கு நன்றி. ஆனால் அரசு ஊழியருக்கு 2024 டிசம்பர் முதல் படிகளோடு சேர்த்துக் குறைந்தது 2,000 வெள்ளி. கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் ஓரளவு கௌரவமாக வாழ 2016ஆம் ஆண்டு விலையிலேயே 2,700 வெள்ளி வேண்டும் என்று பேங்க் நெகாரா சொல்லியிருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளை என்றால் 6,500. குத்தகைத் தொழிலாளி வீட்டில் இரண்டு பேர் உழைத்தாலும் அதில் பாதிதான் தேறும். அதனால்தான் பையன் படிப்பை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிறான். அவனைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்று. “பங்களாதேஷ்காரன் வந்து நம் வேலையைப் பிடுங்கிவிட்டான்” என்று சில பேர் சொல்வதைக் கேட்கிறேன். அந்தத் தம்பியைக் கடன் வாங்கிக் கப்பல் ஏறி வந்த நம் தாத்தாவாக நினைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கங்காணி, இன்றைக்கு ஏஜெண்டு. மலிவான ஆளைத் தேடுவது டெண்டர் முறை. கோபம் அங்கே போகட்டும்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? இங்கேதான் அடுத்த சிக்கல். இந்த ஊரில் 1952இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1957இல் முதல் மேயராக உட்கார்ந்தவர் டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 1960ஆம் ஆண்டுத் தலைநகர்ச் சட்டத்தோடு கோலாலம்பூரில் அது நின்றது. 1965இல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். செனட்டர் ஆதி. நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் நாடெங்கும் விசாரித்து, 1968இல் தேர்தலைத் திரும்பக் கொண்டு வரும்படிப் பரிந்துரை செய்தது. அவரும் தமிழர், அவரும் வழக்கறிஞர். அறிக்கை அலமாரிக்குப் போனது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை மூடியது. தலைநகரில் கவுன்சிலர்கூடக் கிடையாது. டத்தோ பண்டாரும் நியமிக்கப்படுபவர்தான். வரி மட்டும் நம்முடையது.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. டெண்டர் கொடுப்பவர்தான் அதன் நிபந்தனைகளை எழுதுகிறார். எந்தக் கம்பெனி வந்தாலும் அங்கே ஏற்கெனவே வேலை செய்பவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய சேவை ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதில் இரண்டு வரி சேர்த்தால் போதும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கையை மாநகர் மன்றத்துக்கும் அமைச்சருக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். பூச்சோங், காஜாங், ரவாங் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறு மாதிரி தீர்மானம் போடாதவரை அதன் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம். பத்துப் பேர் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் வாசலிலேயே ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

அவரவர் செய்ய வேண்டியது கொஞ்சம். புதிய மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் அதில் ஆட்சேபத்துக்குக் கடைசித் தேதி போட்டிருக்கும். அதற்குள் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். அதே அடுக்குமாடியில் மற்ற வீடுகளுக்கு உண்மையில் எவ்வளவு வாடகை என்பதைக் காட்டும் ஒப்பந்த நகலை இணையுங்கள். “எனக்குச் சம்பளம் குறைவு” என்று எழுதினால் எடுபடாது. வீட்டின் மதிப்பு தவறு என்றுதான் எழுத வேண்டும். துணைக் குத்தகையாளர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால், வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி அவருக்கு மேலே உள்ள குத்தகையாளரிடம் கேட்கலாம். ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். “அடுத்த மாசம் தர்றேன்” என்ற வார்த்தையை நம்பி நாலு மாதம் கழித்து என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். தொழிலாளர் இலாகாவில் முறையிட வழக்கறிஞர் தேவையில்லை. நான் இப்படிச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதல்ல, இருந்தாலும் சொல்கிறேன்.

கம்பெனி மாறும்போது பழைய சம்பளச் சீட்டு, சேம நிதி அறிக்கை, சீருடை போட்ட பழைய அட்டை, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அக்காவிடம் ஐந்து கம்பெனி அட்டைகளும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. சமரசப் பேச்சில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த டின்தான்.

வாசலில் இருக்கும் மேசையில் ஒரு பாரம் வைத்திருக்கிறோம். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனை ஆண்டு, எத்தனை கம்பெனி என்று நாலே கேள்விகள். தமிழிலேயே எழுதலாம். எழுத வராதவர்களுக்கு இளைஞர்கள் எழுதித் தருவார்கள். இன்றைக்குச் சீட்டு கொண்டு வராதவர்கள் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்துக்கு எடுத்து வாருங்கள். நான் இருப்பேன்.