கடலை நோக்கிய கோயில்கள்



மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை நீங்கள் அறிவீர்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எடுப்பித்தவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். அவனைப் பற்றிய மற்றொரு செய்தியைப் பலர் அறியார். சீனர் பொருட்டு அவன் ஒரு கோயில் கட்டி, அதற்குப் பெயர் சூட்டுமாறு சீனப் பேரரசரை வேண்டினான் என்றும், 720இல் பேரரசர் பெயர் வழங்கினார் என்றும் சீன வரலாற்றேடுகள் உரைக்கின்றன. அக்கோயில் இன்று இல்லை.

ஆயினும், தாயகம் விட்டுச் சென்ற சீனர் தாமே எழுப்பிய பழங்கோயில் ஒன்றைச் சிங்கப்பூரில் காணும் வாய்ப்பு, பணி ஓய்வுக்குப் பின் எனக்குக் கிட்டியது. செங்கற்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு வரலாறு கற்பித்த எனக்கு அது புதிய பாடமாயிற்று.

கோயிலின் பெயர் தியன் ஹொக் கெங். தெலுக் ஆயர் தெருவில் உள்ளது. தென்சீனத்துப் புக்கியன் நாட்டிலிருந்து வந்த மக்கள் முதலில் கடற்கரையில் ஒரு சிறு வழிபாட்டிடம் அமைத்தனர். பின்னர்ப் பொருள் திரட்டி, 1839இல் தொடங்கி 1842இல் இக்கோயிலைக் கட்டி முடித்தனர். கடலில் செல்வோரைக் காக்கும் மாட்சு என்னும் அன்னையே மூலத்தெய்வம். புயலுக்குத் தப்பிக் கரையேறியவர்கள் முதலில் இங்கு வந்து நன்றி செலுத்தினர்; பிறகே வேலை தேடிப் புறப்பட்டனர்.

இன்று கோயிலின் முன் கடல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைத் தூர்த்து நிலமாக்கிவிட்டனர். அலையோசை கேட்ட இடத்தில் வண்டிகளின் ஓசையே கேட்கிறது.

அதே தெருவில் சில அடி நடந்தேன். நாகூர் தர்கா! சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டியது. சற்றுத் தொலைவில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். மொழி வேறு, சமயம் வேறு. ஆனால் கடலைக் கடந்தவர் நெஞ்சில் இருந்த அச்சமும் நன்றியும் ஒன்றே அல்லவா?

சீனக் கோயிலின் அருகே சொங் வென் கெ என்னும் மண்டபம் இருக்கிறது, முன்பு கல்விக்கு உரியதாயிருந்தது. எழுத்துள்ள தாளைக் குப்பையில் எறிதல் தகாதென்று, அத்தகைய தாள்களை மரியாதையுடன் எரிப்பதற்கென்றே அங்கு ஓர் உலை அமைத்திருந்தனர். தாளில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வழக்கம் என் நினைவுக்கு வந்தது. கையில் காசின்றி வந்த கூலியாட்களின் சமூகம் எழுத்துக்குத் தந்த மதிப்பு அது!

மாணவர்களே! மாமல்லபுரத்துப் பாறைகளில் தம் பெயரைக் கீறிச் செல்வோரை நான் கண்டிருக்கிறேன். கோயில் கட்டிய ஏழைத் தொழிலாளர் பலர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. தம் நன்றியையே விட்டுச் சென்றனர். இனி அக்கடற்கரைக்குச் செல்லும்போது, கட்டிய மன்னனோடு, அலைமீது வந்தவர்களையும் போனவர்களையும் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் கரை உலகத்தோடு கொண்ட உறவு அப்போது விளங்கும்.